இன்னும் மூன்று முயற்சிகள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது, பல்வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மிளகும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடது தோள்பட்டை இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

போன சனிக்கிழமை சந்திப்பு நாள். சட்டை மாற்றிக்கொண்டு காலை ஒன்பது மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் போன கடிதத்தின் ஓரத்தில் மிளகு கிறுக்கியிருந்தாளே, "கண்ணாடி ரெடி மாமா, ஃபிரேம் நான் செலக்ட் பண்ணது, போட்டா ஜெயிலரே சல்யூட் அடிப்பாரு" என்று. அதை நம்பி நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. கோபம் இல்லை. கண்ணாடிதான் இல்லை. இந்தக் கடிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஊர்வலம் போனால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு மதியம் மீசைக்கார வார்டர் வந்து, வரும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது என்றார். நல்லவேளை, நீங்கள் கிளம்பவில்லை. அதைக் கேட்ட பிறகு நீங்கள் வராதது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். இங்கே எனக்கு வாத்தியார் வேலை கொடுத்திருக்கிறார்கள். இன்டர்நெட் இல்லாத நாலு பழைய கம்ப்யூட்டர்கள், பதினோரு மாணவர்கள். பாடம்: போனையும் கம்ப்யூட்டரையும் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி. பில் இல்லாமல் ஏழு செகண்ட்ஹேண்ட் போன் வாங்கி, அத்தனையும் திருட்டு போன் என்று மாட்டிக்கொண்டவன் பாடம் எடுக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட போனை எடுத்தவர்கள். பூட்டு போடுவது எப்படி என்று நான் சொன்னால், சங்கிலி என்று ஒருவன் கை தூக்கி, "சார், அதத் தெறக்குறது ரொம்ப ஈஸி" என்கிறான்.

மிளகிடம் மூன்று விஷயம் சொல். போன் அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளக் கூடாது. பூட்டின் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, உன்னிடம்கூட. நான் போட்டுக் கொடுத்த ஆபத்துக்கால எண் பூட்டிய திரையிலேயே தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

பதில் போடு. அவளையும் ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்.

உன் தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

கடிதம் வந்தது. பல்லை அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. என் தோள் பரவாயில்லை.

அவள் கல்லூரியிலிருந்து வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபி பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அதனால்தான் ஓரத்தில் எழுதவில்லை.

கண்ணாடி அனுப்புகிறேன். கொஞ்சம் நாள் ஆகும்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வரும் ஒரு அம்மா போனுடைய பூட்டு எண்ணை மறந்துவிட்டார்களாம். ஆறு இலக்கம். உள்ளே இருப்பது அழியாமல் திறக்க ஏதாவது வழி இருக்கிறதா? போன் கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறக்க முடியும் என்கிறார்களாம். உனக்குத் தெரிந்திருக்கும் என்று சொன்னேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பேசினால் காற்று போகிறது. மாணவர்கள் இப்போதுதான் உற்சாகமாகப் பாடம் கேட்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கடையில் வேலை அதிகமா?

அந்த அம்மாவிடம் சொல்: போன் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறு எண் போட்டு ஒழுங்காகப் பூட்டிய புது போனை அழிக்காமல் திறக்க எனக்கு வழி தெரியாது. தெரியும் என்று எவனாவது சொன்னால் அவனிடம் போனைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. உள்ளே இருப்பது வேறு எங்காவது நகலாக இருக்கிறதா என்று தேடுவதுதான் ஒரே வழி.

முக்கியமான ஒன்று. சில போன்களில், தப்பான எண்ணைப் பத்து முறை போட்டால் எல்லாமே தானாக அழிந்துவிடும்படி வைத்திருப்பார்கள். மிளகு போனில் நானே அப்படித்தான் வைத்தேன். "திருட்டுப் பய எவனாவது எடுத்தா என்ன மாமா பண்றது"ன்னு கேட்டாள். "பத்து தடவைக்கு மேல அவனுக்கு வாய்ப்பு கிடையாது, எல்லாம் சுத்தமா தொடைச்சிடும்"னு சொன்னேன். கை தட்டினாள். அதனால் அந்த அம்மா வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் போட்டுப் பார்க்காமல் இருக்கட்டும்.

மிளகின் பயிற்சி எத்தனை நாள்? விலாசம் அனுப்பு, நேராக அவளுக்கே எழுதுகிறேன். யார் தோளை அமுக்கிக் கற்றுக்கொள்கிறாளோ, அந்த நோயாளி பாவம்.

உன் தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா?

இத்துடன் கண்ணாடி வைத்திருக்கிறேன். லென்ஸை நானேதான் தேய்த்தேன். இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல், பழகும்வரை படி இறங்கும்போது கவனம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை.

அந்த போன் விஷயம். ஏழு முறை ஏற்கெனவே தப்பாகப் போட்டாகிவிட்டது. அப்படியென்றால் இன்னும் மூன்றுதானா? போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குமா? இல்லை, பல மாதம் தொடாமல் வைத்திருந்தால் மறந்துவிடுமா? மூன்றாவதிலா நான்காவதிலா அழியும் என்பதைச் சரியாகச் சொல். இதை மட்டுமாவது உடனே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 30

அக்கா,

கண்ணாடி வந்தது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது. உன் கடிதத்தையும் இப்போது தெளிவாகப் படிக்க முடிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

மிளகு தேர்ந்தெடுத்த ஃபிரேம் பழுப்பு நிறம், காது பக்கம் மட்டும் பச்சை. அவள் படம் வரைந்தே அனுப்பியிருந்தாள். நீ அனுப்பியது கருப்பு. அவள் தேர்ந்தெடுத்ததை மாற்ற உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கு வரும் ஒரு அம்மாவுக்காக நீ இரண்டு கடிதம் எழுத மாட்டாய். மூன்றாவதா நான்காவதா என்று கேட்க மாட்டாய்.

அணைத்துப் போட்டாலும் கணக்கு மாறாது. நாளாகி மறக்கவும் மறக்காது. பத்தாவது தப்பில் அழியும். இனி அந்த போனை யாரும் தொட வேண்டாம். சார்ஜ் மட்டும் இறங்காமல் வைத்திருங்கள்.

யாருடைய போன் அது, அக்கா?

மிளகு எங்கே?

தம்பி

*

மே 11

என் தம்பிக்கு,

இதைப் படிக்கும்போது யாராவது உன் பக்கத்தில் இருக்கட்டும். அந்த மீசைக்காரரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து படி.

மிளகு இல்லை. பஸ் விபத்து. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது முகத்தில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தாள்.

போனை எடுத்த நர்ஸ் பூட்டிய திரையிலேயே என் எண்ணைப் பார்த்திருக்கிறார். "ஆபத்துக்காலத்தில்: அம்மா" என்று இருந்ததாம். கால் மணி நேரத்தில் எனக்குத் தகவல் வந்துவிட்டது. மற்றவர்களுடைய வீட்டுக்கெல்லாம் மாலைவரை தெரியவில்லை. நீ போட்டுக் கொடுத்ததால்தான் அவள் தனியாகக் கிடக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போனின் ஓரம் மட்டும் உடைந்திருக்கிறது. பையில் இருந்த லேப்டாப் நசுங்கிவிட்டது. போனில்தான் எல்லாம் இருக்கும். படங்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன. குரல் இல்லை. ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குரல் பதிந்து அனுப்பிக்கொள்வதில்லையே. இருபது வருஷம் வாய் ஓயாமல் பேசியவள், அவள் குரல் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

ஏழு எண் போட்டேன். அவள் பிறந்த நாள். என் பிறந்த நாள். அவள் அப்பா போன நாள். கல்லூரி எண். உன் பிறந்த நாள். பழைய வீட்டு போன் எண்ணின் கடைசி ஆறு. ஏழாவதாக ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு. அதை அவள் வைத்திருக்க மாட்டாள் என்று தெரியும். நீ வளர்த்த பிள்ளை. அப்படியும் போட்டேன்.

"அப்பவே அவ விரலை வெச்சுத் தெறந்திருக்கலாமேம்மா" என்று போன் கடையில் கேட்டார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த விரலை எடுத்து அப்படி வைத்திருக்க மாட்டேன்.

காலை ஐந்து நாற்பதுக்கு அவள் வைத்த அலாரம் இன்னும் அடிக்கிறது. அதை அணைக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. தினமும் அணைக்கிறேன்.

நீ சாப்பிடு. எனக்காகச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

ஆறு வாரமாக எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் "நலமா" என்று எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் கை போகவில்லை.

வகுப்பை நிறுத்திவிட்டேன். சங்கிலி மட்டும் தினமும் மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். ஒருநாள், "சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் வெளியில இருக்கான், எந்த போனையும் தெறப்பான், அட்ரஸ் தரவா?" என்றான். வேண்டாம் என்றேன். நீயும் யாரிடமும் கொடுத்துவிடாதே. கழற்றுகிறேன் என்று சொல்லி உள்ளே இருப்பதைத் தொலைத்துவிடுவார்கள்.

பத்து முறை என்று வைத்தது நான். திருடனுக்காக வைத்தேன். அது உன்னைத் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசினேன். சொந்த மனிதர்களில் ஒருவருக்காவது சாவி கொடுத்து வை என்று அந்தக் குழந்தைக்கு நான் சொல்லித் தரவில்லை. உன்னிடம்கூடச் சொல்லாதே என்றுதான் சொன்னேன். போன மார்ச்சில் எழுதிய கடிதத்தில்கூட அதையேதான் எழுதினேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் மூளையே வேலை செய்யவில்லை. போன வாரம்தான் ஞாபகம் வந்தது. முக்கியமான எதையும் ஒரே இடத்தில் வைக்காதே, மூன்று பிரதி வை, அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். இன்டர்நெட்டில் போட அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் மாதம் ஒருமுறை என் ரிப்பேர் கடைக்கு வந்து ஒரு டிஸ்கில் நகல் எடுத்து வைப்பாள். நான் உள்ளே வந்த பிறகும், ஷட்டர் சாவியை உன்னிடம் வாங்கிக்கொண்டு போய் எடுத்தாள் என்று எழுதியிருந்தாள். கடையில் மேல் தட்டில், பழைய கீபோர்டுகளுக்குப் பின்னால், நீல உறையில் இருக்கும்.

அதற்கும் பூட்டு உண்டு. இது நான் போட்ட பூட்டு, எனக்குத் தெரியும். ஆனால் இங்கிருந்து போகும் கடிதங்களை ஆபீசில் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதனால் எழுதவில்லை. நீ நேரில் வா, சொல்கிறேன்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை, அக்கா.

தம்பி

*

ஜூலை 6

தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இளைத்திருப்பாய். அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறான் என்றால் உட்காரட்டும், விரட்டாதே.

கடைக்குப் போனேன். ஐந்து மாதமாக அங்கே சாவி போடுகிறவர் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். வாசலில் பெரிய சாவிப் படம் மாட்டியிருக்கிறார். யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க தம்பி சாமான் ஒண்ணையும் தூக்கிப் போடலம்மா. எல்லாம் மேலேயே இருக்கு. ஒரு பொண்ணு வந்துச்சு, நான் வந்த புதுசுல. பிப்ரவரின்னு நெனைக்கிறேன். அந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க அண்ணேன்னு சொல்லிட்டுப் போச்சு. பாப்பா நல்லா இருக்குதாம்மா?"

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனிதர், இன்னொரு நாள் போய்ச் சொல்ல வேண்டும்.

நீல உறையின்மேல் காகிதம் ஒட்டி, "மிளகு சொத்து, கை வெச்சா கடிக்கும்" என்று எழுதியிருக்கிறாள். கடைசி எழுத்தில் மை தீர்ந்து, மேலே ஒருமுறை அழுத்தி எழுதியிருக்கிறது.

எங்கள் முதலாளி, கடையை மூடிய பிறகு பில் போடும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க விட்டார். டிஸ்கில் விளக்கு எரிகிறது, சுற்றும் சத்தமும் கேட்கிறது. கடவுச்சொல் கேட்கிறது.

தம்பி, என்னால் வர முடியாது. கடையில் ஆள் இல்லை. தோள்வலியும் திரும்ப வந்துவிட்டது, அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. கடிதத்திலேயே எழுது. யார் படித்தால் என்ன? படித்துவிட்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்?

அக்கா

*

ஜூலை 13

அக்கா,

நீ சொல்வது சரிதான். படித்து அவர்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை. டிஸ்க் உன் கையில் இருக்கிறது. இந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

எழுத மாட்டேன். நீ வர வேண்டும். தோள்வலியால் நீ வராமல் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்கிறேன். சந்திப்பு அறைக்கு வெளியே பெஞ்ச், கடைசி இடம். இரண்டு மணி இருக்கும். மீசைக்காரர் வந்து, "பாலத்துக்கிட்ட பஸ் கவுந்துடுச்சுப்பா, இங்க வந்துட்டு இருந்த ஜனங்கதான் பாதிப் பேரு" என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அவர் மனைவி வருவதாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நல்லவேளை, எங்க வீட்ல கெளம்பல" என்றேன். சத்தமாகச் சொன்னேன். அந்த மனிதர் காதில் விழும்படி சொன்னேன். அவர் மனைவி ஐந்து மணிக்கு, கையில் ஒரு கட்டோடு உயிரோடு வந்து சேர்ந்தார்.

அதே சொல்லை எழுதி உனக்கும் அனுப்பினேன். நீ அதைப் படித்தாய். படித்துவிட்டு, பல்லை டாக்டரிடம் காட்டு என்று பதில் எழுதினாய்.

பஸ் விபத்து என்று உன் கடிதத்தில் பார்த்த நிமிஷமே எந்த பஸ் என்று தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்க வந்தாள். என் கண்ணாடி அவள் பையில் இருந்தது. நான் வெளியில் இருந்திருந்தால் அந்த ரோட்டில் அவளுக்கு என்ன வேலை?

இதை நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்ல மாட்டாய். என்னைக் காப்பாற்றுகிறாய். போதும் அக்கா. வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டு.

தம்பி

*

ஆகஸ்ட் 8

டேய் தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கும் ஒன்றும் இல்லை. தோள் நன்றாகத்தான் இருக்கிறது. அது பொய்.

நீ உன் கணக்கில் எழுதிக்கொள்வதெல்லாம் உன்னுடையது இல்லை. அன்றைக்கு வர வேண்டியது நான். டிக்கெட்டுக்குச் சில்லறைகூட எடுத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை முதலாளி, "நாளைக்கு நாப்பது கண்ணாடி போகணும், நீங்க இல்லாம முடியாதும்மா" என்றார். வீட்டுக்கு வந்து, "நீ போயிட்டு வாடி" என்றேன். அவளுக்குச் சளி. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் போலாம்மா, மாமா எங்கயும் ஓடிட மாட்டாரு, ஓடவும் முடியாது" என்றாள். நான் சிரிக்கவில்லை. "கண்ணு தெரியாம அவன் எவ்ளோ நாள் இருப்பான், எழுந்திரு"ன்னு அதட்டினேன். பரீட்சைக்குப் படிக்க லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைசியாக அவளிடம் நான் பேசியது அந்த அதட்டல்தான்.

நாற்பது கண்ணாடியும் அன்று முடிந்துவிட்டதாம். முப்பத்தாறாவதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

உன்னிடம் மறைத்தது உன்னைக் காப்பாற்ற இல்லை. அப்படி நினைத்து என்னை நல்லவளாக்காதே. மார்ச்சில் உன் கடிதம் வந்தபோது வீட்டில் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் படித்தால், அவளிடம் மூன்று விஷயம் சொல் என்று எழுதியிருக்கிறாய். உலகத்திலேயே அந்த ஒரு காகிதத்தில்தான் அவள் உயிரோடு இருந்தாள். உன்னிடம் சொன்னால் அங்கேயும் இருக்க மாட்டாள். அதனால்தான் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று எழுதியபோது, ஒரு நிமிஷம் எனக்கே அப்படித்தான் இருந்தது.

இந்த மாதம் நான்காவது சனிக்கிழமை வருகிறேன். ரயிலில் சுற்றிக்கொண்டு வரலாம் என்று விசாரித்தேன். வேண்டாம், அதே பஸ்ஸில் வருகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. நேற்று முழுக்க அந்த பஸ் திரும்பும் நேரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் தலை இப்படி நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் அந்த அரை மணி நேரத்தில் பாதியைக் கம்ப்யூட்டர் பாடமாக எடுத்தேன். டிஸ்க்கை இழுத்துப் பிடுங்காதே, முதலில் இன்னொரு நகல் எடு, பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம். நீ, "சரி, சரி"ன்னு உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருந்தாய். பாலம் வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்த பிறகு நீயே சொன்னாய். "கண்ணை மூடிக்கலாம்னு நெனைச்சேன்டா. மூடல. அந்த எடத்துல புல்லு மொளைச்சிருக்கு." 

திட்டு என்று சொன்னேனே, ஏன் திட்டவில்லை? போகும்போது கம்பிக்குள் கையை விட்டு என் கண்ணாடியைச் சரிசெய்தாய். இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்று. நீ போன பிறகு மீசைக்காரர், "அக்காவா?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

திறந்ததா என்று எழுது. திறக்கவில்லை என்றாலும் எழுது.

உன் தம்பி

*

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், கழுத்தெலும்பு தெரிகிறது. இங்கே எனக்கு உடம்பு பரவாயில்லை.

திறந்துவிட்டது. முதலாளி கடையின் பழைய லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். நீ சொன்னபடியே முதலில் நகல் எடுத்தேன். கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம்தான் எழுந்தேன்.

படங்கள் இருக்கின்றன. பாடக் குறிப்புகள், எலும்புப் படங்கள், நீ கடையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் படம் ஒன்று. தனியாக ஒரு ஃபோல்டர். அதன் பெயர் "அம்மா". உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அம்மா குளிக்கும்போது பாட்டு. அம்மா பேங்க்காரனோடு சண்டை. அம்மா தூக்கத்தில் லென்ஸ் நம்பர் சொல்கிறாள். அம்மா காரணமில்லாமல் சிரிப்பு.

தம்பி, எல்லாம் என் குரல். எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் என்னைப் பதிந்து வைத்திருக்கிறாள். முதல் பதிவின் தேதியைப் பார்த்தேன். கழுத்தில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் நடந்ததே, நான் வீட்டுக்கு வந்த மறுநாள். அது சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்னால். ரிப்போர்ட் வந்த பிறகும் நிறுத்தவில்லை. நான் போய்விடுவேன் என்று பயந்து மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள்.

பதிகிறவள் பேசுவாளா? பேசவில்லை. நான் பேசிக்கொண்டே போகிறேன். நடுவில் அவள் "ம்" என்கிறாள். "ம்ம்" என்கிறாள். ஒரு பதிவில் தும்முகிறாள். ஒன்றில் சிரிப்பு வந்து, சட்டென்று நிறுத்திவிடுகிறாள். என் சளசளப்பையெல்லாம் தாண்டி அந்த "ம்" எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை பேசியிருக்கிறேனே, கொஞ்சம் வாயை மூடியிருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாளே என்று என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

போனில் மூன்று முயற்சி மீதம் இருக்கிறது. அதில் வேறு ஏதாவது இருக்கலாம். இனி அதைத் தொடப் போவதில்லை. அவள் பூட்டியது, பூட்டியபடியே இருக்கட்டும்.

நேற்று நூற்று நாற்பதாவது பதிவுவரை கேட்டேன். அதில் நான் சமையலறையில் நின்று, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் செய்த கோளாறைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவில் சந்தேகம் வந்து, "அடியே, கேக்குறியா?" என்கிறேன்.

"கேட்டுட்டுதான்மா இருக்கேன். நீ பேசு."

ஒரு முழு வாக்கியம். சளி இல்லாத குரல். பக்கத்து அறையிலிருந்து சொல்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

அதற்குப் பிறகு பதினோரு நிமிஷம் நான்தான் பேசுகிறேன், அந்தக் குழாய்க்காரரைப் பற்றி.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த சந்திப்பு நாளுக்கு வருகிறேன்.

உன் அக்கா